தோளிலிருந்து இறங்கிய துண்டு

பொந்தியானில் என்னிடம் குஸ்தி பழக வருகிறவர்களுக்கு என்மேல் ஒரு குறை உண்டு. பிடி எல்லை மீறிப் போய்விட்டால் ஆட்களை விலக்க மற்ற வாத்தியார்கள் விசில் ஊதுவார்கள். நான் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு கட்டையால் ஓங்கி அடிப்பேன். காது கிழியும். பக்கத்து மளிகைக் கடைச் சீனர் இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போனார். "வாத்தியாருக்குத் தொண்ட போச்சு, அதான்" என்று எனக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் தினமும் அவர்களே அனுபவிக்கிறார்கள். தகரம் வந்த காரணம் வேறு. அதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்லியிருக்கிறேன், எனக்குச் சாதகமான பாதியை.

திருச்சியில் ஒரு பாதிரிமார் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தேன். படித்தேன் என்று வீட்டில் நம்பினார்கள். நான் கிடந்ததெல்லாம் கல்லூரிக்குப் பின்னால் இருந்த குஸ்திக் கோதாவில். காலையில் பஸ்கி, மாலையில் பிடி. இரண்டு வருஷப் படிப்புக்கு மூன்று வருஷம் இருந்தேன். அந்த மூன்று வருஷத்தில் என் எடைக்காரர்களில் என் முதுகில் மண் ஒட்ட வைத்தவர் ஒருவரும் இல்லை. கணிதப் பரீட்சை மட்டும் இரண்டு தடவை மண்ணைக் கவ்வ வைத்தது. அப்பா என் பதக்கங்களைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேண்டும், இங்கிலீஷ் தெரிந்தால் நல்லது என்று சொந்தக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த சமயம் அது. மூட்டையைக் கட்டினேன்.

தோட்டம் ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பள்ளிக்கூடம் என்பது கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தின் கடைசியில் ஒரு பலகைக் கொட்டகை, மேலே தகரக் கூரை. மழை பிடித்தால் நான் கத்துவது முதல் வரிசைக்கே கேட்காது. அதனால் மழை நாளில் எழுத்து, வெயில் நாளில் வாய்ப்பாடு என்று வைத்திருந்தேன். ஜொகூரில் மழைக்கு என்ன பஞ்சம்? என் பிள்ளைகளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வந்தது. வாய்ப்பாடு வரவேயில்லை.

குஸ்தி ஆரம்பித்தது என் கோபத்தால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடை வாசலில் இரண்டு ரப்பர்ப் பால்வெட்டுக்காரர்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். சண்டை போடுவதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இருவருக்கும் கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அட கழுதைகளா, இடுப்பப் பிடிடா, கழுத்த எதுக்குடா பிடிக்கிற?" என்று உள்ளே புகுந்துவிட்டேன். ஒருவனைப் பிடித்து இப்படித்தான் என்று சாய்த்துக் காட்டினேன். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் ஏழு பேர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். பள்ளிக்குப் பின்னால் மண்ணை வெட்டி, ஆற்று மணலும் பலகை மில்லிலிருந்து மரத்தூளும் கொட்டி, எண்ணெய் தெளித்துப் பிசைந்து ஒரு கோதா போட்டோம். எழுத்துக்கு ஒரு வாத்தியார், குஸ்திக்கு ஒரு வாத்தியார் என்று தோட்டம் தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் நானே வாத்தியார்.

நான் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றுதான். ஒரு பிடியை எடுத்தால் அதையே நூறு தடவை, மறுநாளும் நூறு தடவை. "மூளையக் கேக்காதீங்கடா. மூளை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள முதுகுல மண்ணு ஒட்டிரும். ஒடம்பு தானா செய்யணும்" என்று கரடியாகக் கத்துவேன். பழகிய உடம்பு உத்தரவுக்குக் காத்திருக்காது. இதை வேதவாக்கு மாதிரி சொல்லித் திரிந்தேன்.

சுற்றுப்பட்டுத் தோட்டங்களிலும் கோதா வந்தது. பொங்கலுக்கு மறுநாள் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி வைத்தோம். இரண்டாம் வருஷமே ஒரு விபத்து. பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவனின் முழங்கை திருகிக்கொண்டது. அவன் வாத்தியார் "விடு விடு" என்று கத்தியது கூட்டத்தின் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கை போயிற்று. அதன்பிறகு நான் ஒரு சட்டம் எழுதினேன். ஆளை இறக்கும் வாத்தியார் இடது தோளில் வெள்ளைத் துண்டு போட்டிருக்க வேண்டும். துண்டு தோளில் இருக்கும்வரை ஆட்டம். தோளிலிருந்து அவர் அதை எடுத்துவிட்டால் அவருடைய ஆள் தோற்றதாக ஒப்புக்கொண்டதாகும். மறுபேச்சு கிடையாது. அந்த நொடியே இருவரும் கையை விட வேண்டும். இதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் என் கையாலேயே எழுதி எல்லாத் தோட்டங்களுக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் கை ஒடியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

என்னிடம் பழகியவர்களில் ஒருவனைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆள் குட்டை. பால்வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தூக்கித் தூக்கித் தோள் பாறையாக இறுகியிருந்தது. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் நெற்றியில் அடித்த மாதிரி பேசுவான். அதனால்தான் வேலை வாங்கும் தண்டல்களுக்கு அவனைப் பிடிக்காது. அவன் மனைவி பிறந்ததே இந்த ஜொகூர்த் தோட்டத்தில். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. "மண்ணுல பொரள்றது நீங்க ரெண்டு பேரு, தொவைக்கிறது நான் ஒருத்தி. இதுல யாருங்க வாத்தியாரே பயில்வான்?" என்று என்னை வழியில் பார்த்தால் கேட்பாள். நான் அசடு வழியச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. எப்படி விழுந்தது, ஏன் விழுந்தது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். அரை நாள் வேலை என்றார்கள். அடுத்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயமே காலியானது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆபீஸில் ஒரு பட்டியல் தயாராகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மார்கழி பிறந்த வாரம் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வாத்தியார், ஒங்க குட்டைப் பயில்வான் பேரும் இருக்குய்யா. தண்டல்கிட்ட வாய் காட்டுனான்ல, மொத பக்கத்துலயே எழுதிட்டாங்க."

அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். கப்பலில் மேல்தளத்தில், மழையிலும் வெயிலிலும் ஏழெட்டு நாள். போய் இறங்கினால் அங்கே யார் இருக்கிறார்கள்? அவனுக்கு ஊரில் ஒரு துரும்பும் கிடையாது. மறுநாள் பள்ளியை விட்டதும் நேரே ஆபீஸுக்குப் போனேன்.

ஆபீஸ் படியின் கீழே நின்றேன். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வராந்தாவுக்கு வந்தார். அவர் வந்தால் தோளில் இருக்கிற துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும். குடை மடங்கிவிட வேண்டும், சைக்கிளில் இருந்தால் இறங்கிவிட வேண்டும். தோட்டத்துக்கு வந்த முதல் வாரமே இதைக் கற்றுக்கொண்டேன். என் துண்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. துரையிடம் யாரும் நேராகப் பேசக்கூடாது. கிராணிதான் எடுத்துச் சொல்லுவார். எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஷேக்ஸ்பியரில் பாதி மனப்பாடம். அந்தப் படியின் கீழே நின்று நான் தமிழில் சொல்லுவேன், கிராணி தன் அரைகுறை இங்கிலீஷில் அதைச் சொல்லுவார், துரையின் பதிலை எனக்கு மறுபடி தமிழில் திருப்புவார். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கூத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் புலி, படியின் கீழே எலி. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் கெஞ்சினேன். துரைக்கு விளையாட்டுப் பித்து. குட்டையன் யார் என்று அவருக்கே தெரிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரையோடு இந்த வருஷப் போட்டிக்கு ஒரு பாட்டில் விஸ்கி பந்தயம் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பைப்பைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார். கிராணி மொழிபெயர்க்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் புரியாதவன் மாதிரி கிராணியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவங்க பயில்வான இவன் தோக்கடிச்சா, பட்டியல்லேர்ந்து பேர எடுத்துடறேன்னு தொரை சொல்றாரு."

அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் கையிலிருந்த, பால் பிடிக்கும் மங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முடித்துவிட்டுக் கேட்டான்.

"தோத்தா?"

"தோத்தா என்ன, தெரியாதா? வாயக் கழுவு."

"இல்ல வாத்தியாரே, தெரிஞ்சுக்கிட்டா அவகிட்ட சொல்ல வசதியா இருக்கும்."

பக்கத்துத் தோட்டத்துப் பயில்வான் என்னைவிட ஒரு சாண் உயரம். இரண்டு வருஷமாக அவனை யாரும் ஜெயித்ததில்லை. அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூச்சு வாங்கினால் வலது காலைப் பின்னால் வைப்பான். அந்த ஒரு நொடியில் இடுப்புக்குக் கீழே புகுந்து தூக்கினால் விழுவான். அதை மட்டும்தான் மூன்று வாரம் பழக்கினேன். நான் உயரமானவனாக நிற்பேன், அவன் புகுவான். தினமும் நூறு. மழையில் கோதா சேறானது, சேற்றிலும் நூறு. என் முட்டி வீங்கிவிட்டது. தப்பாகப் புகுந்தால் தலையில் குட்டுவேன், "ஒம் பொண்டாட்டி கப்பல்ல ஏறணுமாடா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். அவன் திரும்பப் போய் நின்று, திரும்பப் புகுவான்.

போட்டி நாள் காலையில் மழை நின்றிருந்தது. எங்கள் தோட்டத்துத் திடலில்தான் கோதா. ஐந்து தோட்டத்து ஜனங்கள். துரைமார்களுக்குத் தூரத்தில் கீற்றுப் பந்தல் போட்டு நாற்காலி. எப்போதும் அங்கேயேதான் இருப்பார்கள், குடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. நடுவர் ஒரு சீக்கியர், வங்கியில் காவல் வேலை பார்த்தவர், அவரே பழைய பயில்வான். எல்லோரிடமும் மலாயில்தான் பேசுவார். நான் புதுத்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கோதாவின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவன் மனைவி வரவில்லை. லயத்தில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள்.

அவன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என் தோளை ஒருமுறை பார்த்துக்கொண்டான். இறங்கினான்.

முதல் ஐந்து நிமிஷம் என் உயிர் என்னிடம் இல்லை. அந்த நெட்டையன் இவனைத் தூக்கித் தூக்கிப் போட்டான். இவன் விழுவான், குப்புறவே விழுவான், புரண்டு எழுவான். இரண்டு தோளும் மண்ணில் பட்டால்தான் தோல்வி. ஒரு தடவை வலது தோள் பட்டுவிட்டது. இடது தோளுக்கும் மண்ணுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. நான் என் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டேன், அது தவறிக்கூட விழுந்துவிடக்கூடாது என்று. விடுவித்துக்கொண்டு எழுந்தான். "அலமாக்!" என்று பின்னால் யாரோ மலாயில் ஐயோ சொல்லி மூச்சு விட்டார்கள்.

பிறகு நெட்டையனுக்கு மூச்சு வாங்கியது. நான் அவன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் பின்னால் போயிற்று. என் ஆள் புகுந்தான். பார்க்கவே அழகாக இருந்தது, யோசனையே இல்லாத பாய்ச்சல். நெட்டையன் வேரோடு சாய்ந்தான். கூட்டம் எழுந்துவிட்டது. நெட்டையனின் ஒரு தோள் மண்ணில். என் ஆள் அவன் நெஞ்சின்மேல் ஏறி மற்றத் தோளை அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு சாண், அரைச் சாண், நாலு விரல். "அமுக்குடா! அமுக்குடா!" என்று கத்தினேன். முடிந்துவிட்டது, பிழைத்தான், அவள் இங்கேயே பிள்ளை பெறுவாள். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன், சத்தியமாக.

எதிர்ப்பக்கத்துக் கூட்டம் விலகியது. துரை வந்துகொண்டிருந்தார். பந்தயச் சூடு தாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்து, தொப்பியும் தடியுமாகக் கோதாவின் விளிம்புக்கே வந்து, எனக்கு நேர் எதிரே நின்றார். அவருடைய கண் என்மேல் பட்டது.

ஜனங்கள் திடீரென்று அமைதியானார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. என் ஆள் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தான். நெட்டையனை அழுத்திக்கொண்டிருந்த கை விடுபட்டது. அது ஒரு கணம் தன் தோளைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. நெட்டையன் உருண்டு வெளியே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ஹாபிஸ்! சூடா ஹாபிஸ்!" என்றார் சீக்கியர். முடிந்தது, முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். என் இடுப்பைக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். துண்டு இடுப்பில் இருந்தது. ஒழுங்காக மடித்து, முடிச்சுப் போட்டு.

எப்போது எடுத்தேன்? இன்றுவரை எனக்கு நினைவில்லை. பழகிய உடம்பு உத்தரவுக்குக் காத்திருக்காது என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னேன் அல்லவா? பன்னிரண்டு வருஷம் தினமும் பழகிய ஒன்றை என் உடம்பு என்னைக் கேட்காமலே செய்து காட்டிவிட்டது.

துரை கோதாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. கிராணி ஓடிவந்தார். துரை அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு, அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, என்னையே இங்கிலீஷில் கேட்டார்.

"ஜெயித்துக்கொண்டிருந்தான். ஏன் நிறுத்தினாய்?"

உங்களைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டேன், சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஐந்தாறு வார்த்தை. ஐந்து தோட்டத்து ஜனம் சுற்றி நிற்கிறது. என்னிடம் எழுத்துப் படித்தவர்கள், குஸ்தி படித்தவர்கள், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்கள். சட்டம் எழுதிய பெரிய மனிதன் துரையைப் பார்த்த பயத்தில் தன் ஆளையே தோற்கடித்தான் என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். என் ஆள் தன் தோளைத் தொட்டது கண்ணில் நின்றது.

"அவனுக்குத் தோள் பிசகிவிட்டது, சார். விட்டிருந்தால் கை போயிருக்கும்" என்றேன், நல்ல இங்கிலீஷில்.

துரை அவனைப் பார்த்தார். அவன் மண் அப்பிய உடம்போடு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. துரை தலையை ஆட்டிவிட்டு, "பாவம்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார். பக்கத்துத் துரை அங்கே சிரிப்பது கேட்டது.

மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். துரை வெளிக்காட்டுக்குப் போயிருந்தார். கிராணி மட்டும் இருந்தார்.

"வாங்க வாத்தியார். ஒங்க ஆளு பேரு பட்டியல்ல நிக்கிது. தோள் பெசகுனவன வச்சிக்கிட்டு மரம் வெட்டவா முடியும்? நீங்களே தொரைகிட்ட சொல்லிட்டீங்க."

"பெசகலய்யா. நான் பொய் சொன்னேன்." அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். அவர் கெட்ட மனிதரல்ல. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"தொரை மொகத்துக்கு நேரா பொய் சொன்னேன்னு இப்ப போய்ச் சொல்லப் போறீங்களா? ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. பட்டியல்ல எடம் நெறைய இருக்கு. பள்ளிக்கூடத்த மூடிட்டு ஸ்டோர் ஆக்கலாமான்னு வேற கேட்டுக்கிட்டு இருக்காரு. யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். அன்று யோசித்தேன், மறுநாள் யோசித்தேன், ஒன்பது நாள் யோசித்தேன். பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளாவது மண்ணாங்கட்டியாவது. என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். அந்த ஒன்பது நாளும் அவன் லயத்துப் பக்கமே நான் போகவில்லை. எதிரே வந்தால் வேறு மர நிரையில் நுழைந்துவிடுவேன். கோதாவைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டேன். வகுப்பில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பிரம்பை எடுத்தேன். கோபம் கீழே இருப்பவர்கள்மேல் மட்டும்தான் எனக்கு நன்றாக வரும் என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

பத்தாம் நாள் லாரி வந்தது. ஜொகூர்ப் பாலம் தாண்டி சிங்கப்பூர்த் துறைமுகம், அங்கிருந்து கப்பல். ஸ்டோர் முன்னால் முப்பது பேர்போல நின்றார்கள். டிரங்குப் பெட்டிகள், பாய்ச்சுருள்கள், ஒரு கோழிக்கூடு. கோழியைக் கப்பலில் விடமாட்டார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. துரை கொஞ்சம் தள்ளி நின்று கிராணி பேர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் மனைவி ஏற்கெனவே லாரியில் ஏறி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தை ரப்பர்க் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன். எதையும் சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"டேய், நீ தோத்துட்டேன்னு நான் துண்ட எடுக்கல. தொரையப் பாத்தேன், கை தானா எடுத்துருச்சு."

"தெரியும் வாத்தியாரே." அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் ஒங்க துண்டப் பாத்தா கைய விட்டேன்னு நெனச்சீங்க? நானும் தொரையத்தான் பாத்தேன். பாத்த ஒடனே எங் கை துண்ட எடுக்கத் தோளுக்குப் போயிருச்சு. மேல ஒண்ணும் இல்ல, கட்டியிருக்கறது லங்கோடு மட்டும்னு அப்பறந்தான் ஒறைச்சிச்சு. அதுக்குள்ள அவன் உருண்டுட்டான்."

அவன் தோளைத் தொட்டானே, அது இதற்குத்தான். அந்தத் தொடுதலை வைத்துத்தான் நான் என் பொய்யைச் செய்தேன்.

"துண்டுக்கு ஒங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றான். "ரெண்டு பேருக்கும் அதே வியாதி. ஆனா எனக்குத் தோள் பெசகலேன்னு ஒரு வார்த்த தொரைகிட்ட சொல்லியிருக்கலாம். அந்த பாஷை எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமே."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். முடிச்சு இறுகியதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டான்.

நான் குனிந்தேன். என் துண்டு இடுப்பில் இருந்தது. துரை நிற்கிறார் அல்லவா, அதனால். அன்றும் எப்போது எடுத்தேன் என்று தெரியாது. அவிழ்த்து உதறினேன். தோளில் போட்டேன். அப்படியே நடந்துபோய்த் துரைக்கு முன்னால் நின்றேன். கிராணி கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"சார், அவன் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ஜெயித்துக்கொண்டிருந்தான். உங்களைப் பார்த்த பயத்தில் நான்தான் துண்டை எடுத்தேன். பிறகு உங்களிடம் பொய் சொன்னேன்."

துரை என் தோளில் இருந்த துண்டைப் பார்த்தார். பிறகு லாரியைப் பார்த்தார். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன், திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அலுத்துப்போன குரலில் பேசினார்.

"முட்டாள் மனிதனே, அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே. மறுபடி ஆட வைத்திருப்பேன். இப்போது பேர் கப்பலில் பதிந்தாகிவிட்டது."

ஒரே காலையில், இரண்டு பேர், இரண்டு பாஷையில், ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

லாரி கிளம்பியது. அவன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையை ஆட்டவில்லை. நான் தோளில் துண்டோடு துரையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த மாதம் என்னையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், பள்ளிக்கூடத்தை ஸ்டோராக்கினார்கள். பொந்தியானுக்கு வந்து மறுபடி கோதா போட்டபோது துண்டை விட்டுவிட்டுத் தகரத்தை எடுத்தேன். அவர்கள் நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள் என்று மட்டும் பின்னால் திரும்பிவந்த ஒருவர் சொன்னார். எத்தனை பேராக இறங்கினார்கள் என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.